பாலத்தில் நின்ற காரும் சம்பந்தியின் மக்காச்சோளமும்

காவிரிப் பாலத்தின் நட்டநடுவில் என் கார் நின்றுபோன கதையை எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லியாகிவிட்டது. உங்களுக்குத்தான் பாக்கி.

பொங்கல் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். காலை நேரம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்களெல்லாம் முட்டி மோதிக்கொண்டு பாலத்தில் ஏறுகிற வேளை. ஸ்டியரிங்கில் நான். பின் சீட்டில் என் மருமகள் கயல் - ஒன்பதாவது மாதம். அவள் பக்கத்தில், மகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த அவளுடைய அப்பா தங்கராசு, என் சம்பந்தி. ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி, புத்தூரில் டாக்டரிடம் செக்கப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

கார் முதலில் ஒரு விக்கல் விக்கியது. பிறகு இன்னொன்று. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், இழுக்கவில்லை. பாலத்தின் பாதியில்... அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் உறுமியது, ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் போட மறந்துவிட்டீர்களா என்று கேட்காதீர்கள். முள் சிவப்புக் கோட்டுக்கு மேலேதான் நின்றது. பாலத்தைத் தாண்டியதும் பங்க்கில் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பழைய கார் என்றால் என்றைக்காவது நிற்கும், இதிலென்ன எழுத இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. அந்தக் காரை நம்பித்தான் தங்கராசு தன் மகளை என் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

கார்த்திகையில் கயலுக்கு வளைகாப்பு நடந்தது. வளையல் அடுக்கியதும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதுதானே வழக்கம்? துறையூர் தாண்டி உள்ளே போகும் கிராமத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் அதற்காகவே வந்திருந்தார்கள். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னால் டாக்டர் குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். கயலுக்கு பிரஷர் ஏறி இறங்குகிறது. அவசரம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அதைக் கேட்டதும் கயலின் அம்மா செல்விக்கு முகம் வாடிவிட்டது. தலைப்பிரசவம்... மகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எந்த அம்மாவுக்குத்தான் இருக்காது? சாதிசனம் முணுமுணுத்தது. தங்கராசு எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே என் கார் நின்றது. என் மகன் ஸ்கூலில் படிக்கும்போது வாங்கிய கார். அந்த மகன் இப்போது புனேயில் வேலை பார்க்கிறான்.

"வண்டி எப்பவும் இங்கதானே நிக்கும், சம்பந்தியம்மா?"

"இங்கதான் நிக்கும், அண்ணே. நானே ஓட்டுவேன். இங்கருந்து புத்தூர் என்ன தூரமா?"

"அப்ப சரி. புள்ள இங்கயே இருக்கட்டும்."

வேன் கயல் இல்லாமல் திரும்பிப் போனது. ஊரில் அவர் எத்தனை பேருக்குப் பதில் சொன்னாரோ, தெரியாது. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இங்கே எங்கள் ஸ்ரீரங்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வைகுண்ட ஏகாதசித் திருவிழா வந்தால் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தடுப்பு போட்டுவிடுவார்கள். எனவே கார் வைத்திருப்பவர்கள் முன்னாடியே வெளியில் காலி மனை பார்த்து நிறுத்திவிடுவோம். நிறுத்துவதற்கு முன் இன்னொரு காரியமும் செய்வோம். டேங்கில் இருக்கிற பெட்ரோலை வற்றவிடுவோம். ஊர் ஊராகத் திரண்டு வருகிற கூட்டம், எவனாவது டியூபைப் போட்டு உறிஞ்சிவிட்டால்? அதனால் அடிமட்டத்தில் நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம் என்பது எங்கள் தெருவின் பரம்பரை ஞானம். இதுவரை எங்கள் தெருவில் யாருடைய பெட்ரோலும் திருடு போனதாக நினைவில்லை. காரணம், டேங்கில் இருந்தால்தானே.

இந்த மார்கழியிலும் அப்படித்தான் நிறுத்தினேன். மழை பெய்தது. பனி கொட்டியது. மனையில் கார் சும்மா நின்றது. இடையில் வந்த செக்கப்புக்குத் தடுப்பு வரைக்கும் நடந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் போனோம். அதைச் சம்பந்தியிடம் சொல்லவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் காரை எடுத்து வந்து மறுபடி வாசலில் நிறுத்தினேன். கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் ஸ்டார்ட் ஆனது.

இனி பாலத்துக்குத் திரும்புவோம்.

தங்கராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கயலும் கதவைத் திறக்கப் பார்த்தாள்.

"நீ உக்காரும்மா. பஸ்ஸெல்லாம் ஒரசிக்கிட்டுப் போவுது. கீழ எறங்க வேணாம்."

அவர் காரின் பின்னால் கையை வைத்துத் தள்ளத் தொடங்கினார். பைக்கில் போன இரண்டு பேர் நிறுத்திவிட்டு வந்து கைகொடுத்தார்கள். நிறைமாத மகளை உள்ளே உட்கார வைத்து அப்பா காரைத் தள்ளுகிறார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பின்பக்கம் பார்த்துச் சொன்னேன்:

"எல்லாம் இந்த எத்தனால் பண்ற வேலை, அண்ணே. நல்லா ஓடிட்டிருந்த வண்டி. மக்காச்சோளத்தைக் காய்ச்சி சாராயமா எறக்கி பெட்ரோல்ல கலந்தா வண்டி நிக்காம என்ன செய்யும்? எவனோ சம்பாதிக்கறதுக்கு நம்ம டேங்க்தான் கிடைச்சுதா?"

இந்த ஞானமெல்லாம் எனக்கு எங்கிருந்து வந்தது? எங்கள் தெரு வாட்ஸப் குரூப்பிலிருந்துதான். தினமும் ஒருவர் வீடியோ அனுப்புவார், கார் இன்ஜினைப் பிரித்துப் போட்டு ஒப்பாரி வைக்கிற வீடியோ. மறுநாளே இன்னொருவர் எத்தனாலால் நாடு செழிக்கும் என்று ஒன்று அனுப்புவார். கோபமாக இருக்கிறபோது நமக்குப் பிடித்த வீடியோதானே ஞாபகத்துக்கு வரும்?

அவர் தள்ளிக்கொண்டே இருந்தார். கயல் மட்டும் மெல்ல "அத்தை..." என்றாள். வலிக்கிறதோ என்று பதறிப் போனேன். இல்லை என்று தலையாட்டினாள்.

பாலத்தின் கடைசியில் ஓரம் கட்டினோம். டவுனுக்குள் பாலக்கரையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் ரஃபிக்கு போன் செய்தேன். ஒரு ஆட்டோவும் கிடைத்தது. "நீங்க புள்ளையோட போங்க, வண்டியை நான் பாத்துக்கறேன்" என்று தங்கராசு எங்களை அனுப்பி வைத்தார். அவர் சட்டை வியர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தார்கள். ஏறியிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? சற்று நேரம் படுக்க வைத்துத் திரும்பப் பார்க்கிறோம் என்றார்கள். கயல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"அத்தை, ஒண்ணு சொல்லட்டுமா? அப்பா போடற சோளம் இப்பல்லாம் கோழித் தீவனத்துக்குப் போறதில்ல. எத்தனால் ஆலைக்குத்தான் போவுது."

"எப்பலேருந்து?"

"எங்க கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்தே. நீங்க பேசினதை அப்பா கேட்டுட்டார்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் மக்காச்சோளம் போடுகிறார் என்பது தெரியும். கோழிக்குப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன், கேட்டுக்கொண்டதில்லை. சம்பந்தி வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று விசாரிக்கிற நாம், அவர்கள் விளைவிப்பது எங்கே போகிறது என்று விசாரிக்கிறோமா?

இரண்டாவது தடவை பார்த்தபோது பிரஷர் கொஞ்சம் இறங்கியிருந்தது. தூரப் பயணம் எதுவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

சாயங்காலம் ரஃபியே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டில் தங்கராசு. ரஃபி கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், டேங்கிலிருந்து வடித்தது. மேலே பெட்ரோல் நிறம். அடியில் தனியாக வேறொரு அடுக்கு, கலங்கலாக.

"இதாங்க மேடம் பம்ப்புக்குப் போயிருக்கு. எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். டேங்க் ரொம்பி இருந்தா காத்து இருக்காது. நீங்க காலியா விட்டுட்டீங்க, மழைக்காலம் வேற."

"அப்ப எத்தனால்தான் காரணம்?"

"அப்படியும் அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. டேங்க் மூடியில இருக்கற ரப்பர் வெடிச்சிருக்கு, அது வழியா மழைத்தண்ணி எறங்கியிருக்கலாம். பெட்ரோல் போற ஹோஸெல்லாம் பழசு. அந்தக் காலத்து ரப்பருங்க, இந்தப் பெட்ரோலுக்குன்னு செஞ்சதில்ல. புது வண்டின்னா பிரச்சன இல்லங்கறாங்க. என் ஷெட்டுக்கு ரெண்டு விதமாவும் வருது. இதே மாதிரி பழைய வண்டி ஒண்ணு நல்லாவும் ஓடிட்டிருக்கு. அதுக்கு என்ன காரணம்னு கேட்டா எனக்குத் தெரியாது."

தங்கராசு பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல என் சோளமும் இருக்குமா தம்பி?"

அவர் சோளம் எங்கே போகிறது என்று ரஃபிக்குத் தெரியாது. "யார் சோளம்னு பேரா எழுதியிருக்கு, அண்ணே?" என்று சிரித்தார். புது ஹோஸ் வரவழைத்து மாற்றித் தருவதாகவும், மூடியை மறுநாளே மாற்றுவதாகவும் சொல்லிவிட்டு, "இன்ஷா அல்லாஹ் இனிமே நிக்காது" என்று கிளம்பினார்.

காபி கொடுத்தேன். மன்னிப்புக் கேட்பது என்பது எனக்கு எப்போதுமே கொஞ்சம் கஷ்டமான வேலை. "அண்ணே, காலைல நான் பேசினது..." என்று தொடங்கினேன். அவர் அதற்குள் கையமர்த்தினார்.

"அட, அதை விடுங்க. தெரியாமத்தானே சொன்னீங்க."

பிறகு அவராகவே பேசினார். அவர் வந்தபோது சமையலறையில் வைத்த சின்ன வெங்காய மூட்டையைக் காட்டினார்.

"முந்தி எங்க காடு பூரா இதாங்க. வெங்காயம் வெலை ஏறுனா டிவில காட்டுவாங்க. எறங்குச்சுன்னா ரோட்டுல கொட்டுவோம், அதையும் டிவில காட்டுவாங்க. வெலை வர்ற வரைக்கும்னு பட்டறை போட்டு அடுக்கி வச்சுப் பாத்தோம், அழுவிப்போச்சு. சோளம் அப்படி இல்ல. டிவில வராது. ஆனா போட்டா எடுக்கறதுக்கு ஆள் இருக்கு. ஆலை வந்தப்புறம் வெலையும் கொஞ்சம் நின்னுச்சு. கயல் கல்யாணத்தை நிம்மதியா நடத்துனேன்னா அதுனாலதான். இப்ப வெங்காயம் வீட்டுக்கு மட்டும் ரெண்டு பாத்தி."

"அப்ப நல்லதுதானே?"

அவர் காபி டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"நல்லதுதான். ஆனா திங்கறதுக்குப் போட்ட மண்ணுல வண்டிக்குப் போடறோமேன்னு ஒரு இது இருக்குதுங்க. ஊர்ல எல்லாரும் சோளந்தான். படைப்புழு வந்தா எல்லாருக்கும் சேந்து வருது. வெளிநாட்டுச் சோளம் வந்து எறங்கப் போவுதுன்னும் பேசிக்கறாங்க. அப்ப எங்களை யாரு பாப்பா?"

இதற்கு எந்த வீடியோவிலும் நான் பதில் பார்த்ததில்லை.

எனக்கு உள்ளுக்குள் பயம் வேறு. அடுத்து என்ன சொல்லப் போகிறார்? "வண்டி இருக்குன்னு சொன்னீங்க, நம்பி விட்டேன். வண்டி லட்சணம் இது. புள்ளைய அழைச்சிட்டுப் போறேன்" என்றால்? சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. தூரப் பயணம் கூடாது என்று டாக்டர் சொன்னதை வைத்து மறுக்கலாம். ஆனால் அவர் மனசு விட்டுப்போனால் அப்புறம் என்ன உறவு?

"கயல் இங்கயே இருக்கட்டும்" என்றார். "ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க, அண்ணே."

"எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒண்ணு இருக்காமே? அந்த மெக்கானிக் தம்பி சொன்னாரு. டவுன்ல ஒண்ணு ரெண்டு பங்க்ல கெடைக்குமாம். வெலை கூடத்தான். புள்ள பொறக்கற வரைக்கும் அதைப் போடுங்க. அதுல என் சோளம் இல்லாம இருக்கட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தன் விளைச்சல் போகிற இடத்தைக் குறை சொன்ன என்னிடம், தன் விளைச்சல் வேண்டாம் என்று கேட்கிறார். எந்த அப்பாவும் அப்படித்தான் கேட்பார், இல்லையா? மகள் என்று வந்துவிட்டால் கொள்கை, நியாயம், கூட்டல் கழித்தல் எல்லாம் அப்புறம்தான்.

மறுநாளே போய் அந்தப் பெட்ரோலை டேங்க் நிறைய நிரப்பினேன். விலையைப் பார்த்து மூச்சு வாங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரஃபி ஹோஸையும் மூடியையும் மாற்றினார். கார் பழையபடி ஓடியது. பெட்ரோலால் ஓடியதா, ஹோஸால் ஓடியதா? எனக்குத் தெரியாது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் எத்தனாலைப் பற்றி யோசித்திருக்கிறேன். மணப்பாறையிலிருந்து இந்தப் பத்திக்கு எழுதும் ஒரு வாசகி, "எத்தனால் நல்லதா கெட்டதா, ஒரு வரியில் சொல்லுங்கள்" என்று முன்பே கேட்டிருந்தார். அம்மா, ஒரு வரியில் சொல்கிற மாதிரி இருந்தால் நானும் அந்த வாட்ஸப் குரூப்பில் ஒரு வீடியோ போட்டிருக்க மாட்டேனா?

நாம் எரிக்கிற பெட்ரோலில் பெரும்பகுதி கச்சா எண்ணெயாகக் கப்பலில் வருகிறது. எங்கோ ஒரு மூலையில் சண்டை வந்தால் இங்கே பங்க்கில் விலை ஏறுமோ என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் காசில் ஒரு பங்கு வளைகுடாவுக்குப் போகாமல் துறையூர்ப் பக்கம் ஒரு தங்கராசுவுக்குப் போகிறதென்றால் எனக்குச் சந்தோஷம்தான். புகையும் கொஞ்சம் குறையும் என்கிறார்கள். குறையட்டும், பேரக்குழந்தை சுவாசிக்கப் போகிற காற்று.

அதே சமயம், என் கார் லிட்டருக்கு முன்பு ஓடிய தூரம் இப்போது ஓடுவதில்லை. பங்க்கில் விலை மட்டும் அப்படியே இருக்கிறது. பழைய கார் வைத்திருப்பவனிடம் யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்றால் வேறு பெட்ரோல் உண்டு, ஆனால் அது கையில் காசு உள்ளவர்களுக்கு. டெலிவரி வேலைக்குப் பழைய பைக்கில் பறக்கிறவர் அதற்கு எங்கே போவார்? கரும்பிலிருந்தும் எத்தனால் எடுக்கிறார்கள். கரும்புக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று காவிரிக்கரையில் இருக்கிற நமக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. கோடையில் பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் மணல்தான். கோழித் தீவனம் விலை ஏறினால் முட்டை விலை ஏறும். வெங்காயக்காடு சோளக்காடானால் சாம்பாரில் வெங்காயம் குறையும்.

காரில் போகிற வசதி உள்ள நமக்காக, தட்டில் இருக்க வேண்டியது டேங்குக்குப் போகிறதோ? இந்தக் கேள்வி தங்கராசுவுக்கே வந்துவிட்டது. எனக்கு வர, கார் பாலத்தில் நிற்க வேண்டியிருந்தது.

கடைசியாக ஒன்று சொல்கிறேன்.

டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாடியே தங்கராசுவும் செல்வியும் வந்து தங்கிவிட்டார்கள். சோளம் அறுவடை முடிந்திருந்தது. ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது கயல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி வந்துவிட்டது.

ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். "வண்டிதான் வாசல்ல நிக்குதே, சம்பந்தியம்மா. நீங்க எடுங்க" என்றார் தங்கராசு. பாலத்தில் ஒரு தடவை தள்ளிய பிறகும் அதே காரை நம்புகிறார் மனுஷர். சாவியைப் போட்டேன். ஸ்டார்ட் ஆனது.

பின் சீட்டில் செல்வி மகளை மடியில் சாய்த்துக்கொண்டார். முன் சீட்டில் என் பக்கத்தில் தங்கராசு. பாலம் வந்தது. முன்பு கார் விக்கிய இடத்தை நெருங்கும்போது தற்செயலாக அவர் பக்கம் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஒரு கை கதவின் பிடியில் இருந்தது. விக்கினால் இறங்கிவிடுவார்.

கார் விக்கவில்லை. பாலம் தாண்டி, பங்க் தாண்டி, புத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் நான் பிரேக் போடும் வரை அந்தக் கை கதவுப் பிடியை விட்டு வரவில்லை.

பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் சேயும் நலம். மகன் புனேயிலிருந்து வந்து சேர்ந்துவிட்டான். டேங்கில் இப்போது பழையபடி எத்தனால் கலந்த பெட்ரோல்தான் ஓடுகிறது. அடுத்த திருவிழாவுக்கு டேங்கை நிரப்பி நிறுத்துவதாக முடிவு செய்திருக்கிறேன். திருடுகிறவன் திருடிக்கொள்ளட்டும்.

என் கார் நின்றால் இறங்கித் தள்ள அவர் தயாராக இருக்கிறார். அவர் சோளத்துக்கு விலை இல்லாமல் போகிற அன்றைக்கு, காரில் போகிற நாம் யாராவது இறங்குவோமா?